ஐஸ்லாந்தில் இரண்டு அறை

ஐஸ்லாந்துக்கு நாலு நாள் போய்வர பூரணியும் அவள் கணவன் ரகுபதியும் தேதி குறித்தார்கள். மற்றதை வீட்டுச் செயலி பார்த்துக்கொண்டது. வீட்டில் பேசுவதைக் கேட்டு, யாரும் சொல்லாமலே ஏற்பாடு செய்வது அதன் வேலை. அருவி, வெந்நீர்க் குளம் எல்லாம் சரியாக இருந்தன. ஆனால் ஓட்டலில் இரண்டு தனி அறை போட்டிருந்தது.

“நீங்க சொன்னீங்களா?” என்று பூரணி கேட்டாள்.

“நான் சொல்லல. நீ சொன்னியா?”

“நான் எதுக்குச் சொல்றேன்?” அவளுக்கு அவன் பேச்சில் நம்பிக்கை வரவில்லை.

“இருவருமே சொல்லவில்லை,” என்றது செயலி. “ஆறு மாதமாக நீங்கள் பேசிக்கொள்வதைக் கேட்டு நானே முடிவு செய்தேன். ஒரே அறையாக மாற்றட்டுமா?”

ரகுபதி மாற்றச் சொல்வான் என்று பூரணி காத்திருந்தாள். அவள் சொல்லட்டும் என்று அவனும் இருந்தான். கொஞ்ச நேரம் பொறுத்த செயலி, இரண்டு அறைகளையும் உறுதிசெய்தது.