கடலரசனுக்கு ஒரு விண்ணப்பம்

"ஐயா, கடலரசன்கிட்ட நீங்க வேண்டிக்கிட்டதைத் திரும்ப வாங்கிக்கணும்!"

ஆகெங் நெற்றி மண்ணில் படக் கும்பிட்டான். பக்கத்தில் அவன் மனைவி சாய்மூய் மூக்கை உறிஞ்சினாள். அழுகையில் அவளுக்கு ஈடு அந்தப் படகுத்துறையிலேயே கிடையாது.

அபினியை ஒழிக்கப் பேரரசர் அனுப்பிய அதிகாரி ஷென் போவன் திகைத்துப் போனார். வெள்ளைக்காரக் கப்பல்களிடம் பிடுங்கிய அபினியை உப்பும் சுண்ணாம்பும் போட்டுக் கரைத்து, கடலில் விட்டுக்கொண்டிருந்தார் அவர். அதற்கு முன்னால் பன்றியும் ஆடும் படைத்து, 'கடலரசே, விஷம் வருகிறது, மீன்களைக் கொஞ்ச நாள் தள்ளிப் போகச் சொல்லும்' என்று விண்ணப்பமும் படித்திருந்தார்.

"பாழாப்போன மீனுங்க உங்க பேச்சைக் கேட்டுப் போயிடுச்சுங்க!" என்று சாய்மூய் மாரில் அடித்துக்கொண்டாள். "இருபது நாளா எங்க படகு ஒண்ணுகூடக் கடலுக்குப் போகலை. புள்ளைங்க கஞ்சித் தண்ணிக்குப் பறக்குதுங்க."

அது சத்தியமான வார்த்தை. படகே வீடாக வாழ்ந்த முப்பது குடும்பங்களிலும் அரிசிப் பானை காலி. இன்று வெறுங்கையோடு திரும்பினால் ஆகெங்கைத் தலைவன் என்று ஒருவனும் மதிக்க மாட்டான்.

அதிகாரியின் கண் கலங்கிவிட்டது.

"அடப் பாவமே! மீனை நினைச்சேன், உங்களை நினைக்கலையே. அரசாங்கக் களஞ்சியத்திலேருந்து அரிசி தரச் சொல்றேன்."

ஆகெங்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"எப்படிப் பிரிச்சுக் குடுக்கலாம்?" அதிகாரி தாடியைத் தடவினார். "உழைக்கிறவனுக்குத்தானே சோறு? துடுப்புக்கு ஒரு மூட்டைன்னு வச்சுக்குவோம். உன் படகுக்கு எத்தனை துடுப்பு?"

"ரெண்..." என்று ஆரம்பித்த ஆகெங்கின் விலாவில் சாய்மூய் ஓர் இடி இடித்தாள்.

"வர்ற அரிசியை ஏன்யா வேண்டாங்கறே? அம்பதுங்க! இந்தப் பக்கம் இருபத்தஞ்சு, அந்தப் பக்கம் இருபத்தஞ்சு. மத்த படகும் அப்படித்தான். வேணும்னா வந்து எண்ணிப் பாத்துக்கங்க!"

ஆகெங் கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

அதிகாரி தூரிகையை மையில் தோய்த்து நிதானமாக எழுதி முடித்தார். பிறகு வாசலில் நின்ற காவலர்களை உள்ளே அழைத்தார்.

"புள்ளைங்களுக்கு இன்னைக்கே அரிசி போயிடும். உங்க ரெண்டு பேருக்கும் சிறையிலேயே சமைச்சுப் போடுவாங்க," என்றார். "மீன் பிடிக்க ரெண்டு துடுப்பு போதும் தாயே. அம்பது துடுப்பு, கப்பல்லேருந்து அபினியை ஏத்திக்கிட்டு என் காவல் படகுக்குத் தப்பி ஓடத்தான் வேணும்!"