பூட்டை உடைத்தவன்

"திருட்டு கேம் போட்டுக் கொடுக்க இப்படிப் பட்டப்பகல்ல கடை விரிச்சிருக்கியே, வெக்கமா இல்லே உனக்கு?"

ஃபுட்ஸ்கிரே மார்க்கெட்டே திரும்பிப் பார்த்தது. டெஸ்பினா கலாரிஸ் அதைச் சட்டை செய்யவில்லை.

கம்ப்யூட்டர் ரிப்பேர்க் கடைக்காரன் குவாங் ஸ்க்ரூ டிரைவரைக் கீழே வைத்தான். "எந்த கேமைச் சொல்றீங்க, அக்கா?"

"'பேய் டிராம்'! மூணு வருஷம் அதுக்காக உயிரைக் கொடுத்தவ நான். உழைச்சது நாங்க, நோகாம நோம்பு கும்பிடறது நீயா?"

"அந்த கேமுக்கு நான் சல்லிக்காசு வாங்கறதில்லே. கம்பெனிதான் போன வருஷம் சர்வரை மூடிடுச்சே! காசு கொடுத்து வாங்கினவங்க மெஷின்லகூட ஓடலே. கேமுக்குக் கம்பெனி போட்ட பூட்டை உடைச்சு, சர்வரே இல்லாம ஓடறதுக்கு நானே ஒரு புரோகிராம் எழுதினேன். நாலு மாசம் ஆச்சு. இல்லேன்னா இன்னிக்கு உலகத்துல ஒருத்தரும் அதை விளையாட முடியாது."

அடேயப்பா, அடுத்தவர் கேமுக்காக நாலு மாசமா! அவள் மனசு ஒரு கணம் இளகத்தான் செய்தது. ஆனாலும் விடவில்லை.

"பெரிய தர்மப் பிரபு! சட்டம்னு ஒண்ணு இருக்கில்லே? கம்பெனிக்கே போன் போடறேன், பாரு" என்று போனை எடுத்தாள்.

"தாராளமா. உங்க பேரைச் சொன்னா உடனே பேசுவாங்க. கேமைச் செஞ்சவங்களாச்சே!"

அவளுக்குச் சுருக்கென்றது.

கேம் வெளிவர இரண்டு மாசம் இருக்கும்போது பிரசவத்துக்காக வேலையை விட்டவள் அவள். நடுவில் விலகியவர்கள் பெயரை, கேமின் முடிவில் வரும் பட்டியலில் கம்பெனி போடவில்லை. அதற்குப் பிறகு எந்த வேலைக்குப் போய், "அந்த கேமுக்குப் படம் வரைஞ்சது நான்தான்" என்றாலும் யாரும் நம்பவில்லை. பெற்ற மகளே, "சும்மா ரீல் விடாதேம்மா" என்று சிரிக்கிறாள்.

"செஞ்சவங்கன்னா இதைப் பாத்துட்டுப் போங்க" என்று குவாங் கேமின் முடிவை ஓட்டிக் காட்டினான்.

கம்பெனி போட்ட பெயர்கள் ஓடி முடிந்தன. திரை அணையவில்லை. இன்னொரு பட்டியல் ஓட ஆரம்பித்தது.

"இது நான் சேர்த்தது, அக்கா. நடுவுல விலகினவங்க. பழைய பார்ட்டி போட்டோ, பிறந்தநாள் கார்டுன்னு தோண்டித் துருவிக் கண்டுபிடிச்சேன். இருபத்திரண்டு பேர். ஒருத்தர்தான் சிக்கலே. மழையில நனையற டிராம் ஸ்டாப் சுவர் ஒண்ணு வரும் பாருங்க, என்ன அழகு! அதை வரைஞ்சவங்க, மூலையில கண்ணுக்கே தெரியாம ரெண்டு எழுத்து மட்டும் கீறி வெச்சிருக்காங்க."

கடைசி வரி மெல்ல மேலே வந்தது.

'டி.கே. முழுப் பெயர் தெரியவில்லை. மன்னிக்கவும்.'

டெஸ்பினா போனைக் கைப்பைக்குள் போட்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"எழுதிக்கோ, தம்பி. டெஸ்பினா கலாரிஸ்."