தேவகியின் நினைப்பு

காட்டுப்பன்றி விரட்டப் போன இடத்தில் துப்பாக்கி தவறி வெடித்துத்தான் தம்பி செத்தான் என்று பொன்னுரங்கம் தலையிலடித்துக்கொண்டு சொல்லியும், கீழ்க்கோர்ட் ஆயுள் தண்டனை கொடுத்துவிட்டது. அப்பீலில் அவன் மனைவி தேவகி, "நான் பக்கத்துலதான் நின்னேங்கய்யா, என் நெனப்ப எடுத்துப் பாருங்க" என்று தானாகப் போய், நினைப்பைப் படமும் குரலுமாகத் திரையில் காட்டும் இயந்திரத்துக்குத் தலை கொடுத்தாள்.

திரையில் மக்காச்சோளக் காடு தெரிந்தது. தோகை மறைத்ததில் துப்பாக்கி விசைப் பக்கம் புருஷன் விரல் மட்டும் தெரியவில்லை. துப்பாக்கி வெடித்தது, கொழுந்தன் சாய்ந்தான். அந்த நொடியில் அவள் மனசுக்குள் ஓடியது கோர்ட் முழுக்கக் கேட்டது: "பாவி, சொன்னபடியே செஞ்சுட்டானே!"

அவள் தலையிலிருந்து கம்பிகளைக் கழற்றுமுன்பே அப்பீல் தள்ளுபடியானது.

"நான் வேணும்னே சுட்டேன்னா புள்ள நெனச்ச?" என்றான் பொன்னுரங்கம்.

"ஐயோ, இல்லைங்க!" என்று அலறினாள் தேவகி.

"தெரியலையே" என்றது திரை, அவள் குரலிலேயே.