தட்டு, திற, எண்ணு, மூடு

பதினேழு சாவுக்கும் லவோன்தான் பொறுப்பு என்று வெர்லின் டாக்கெட் சொன்னபோது கூடத்தில் யாரும் மறுக்கவில்லை. லவோனும் மறுக்கவில்லை. மடியில் இருந்த ஸ்க்ரூடிரைவரை உருட்டிக்கொண்டிருந்தாள்.

"ஆறு, பாம்புக்கு. எட்டு, சிட்டுக்குருவிக்கு. மூணு, குளிருக்கு," என்று அவளுடைய நோட்டிலிருந்தே படித்தார் வெர்லின். "ஒண்ணு விடாம எழுதி வச்சிருக்கா பாருங்க."

அது நீலக்குருவிகள் கூடு கட்ட மரப்பெட்டி வைத்துக் காக்கும் சங்கத்தின் கூட்டம், குஞ்சு பொரிக்கும் பருவம் முடிந்ததும் நடப்பது. ஆகஸ்ட் வெயிலில் தீயணைப்பு நிலையக் கூடம் புழுங்கியது. காகிதத் தட்டில் பொரித்த கோழியும் உருளைக்கிழங்கு சாலடுமாக முப்பது பேர், இறந்த குஞ்சுகளுக்காகக் கொஞ்சம் முகம் வாடிவிட்டு மறுபடி சாப்பிட்டார்கள்.

ஊர்க் கல்லறைத் தோட்டத்தைச் சுற்றியிருக்கும் பதினான்கு கூட்டுப் பெட்டிகள் லவோன் பொறுப்பு. மார்ச் முதல் வாராவாரம், தீவனக் கடை வேலை முடிந்ததும் போவாள். பெட்டிக் கதவின் திருகாணியைக் கழற்றி, முட்டை எத்தனை, குஞ்சு எத்தனை, பறந்தது எத்தனை என்று எழுதுவாள். இந்த வருடம் நாற்பத்தொரு குஞ்சுகளில் இருபத்து நாலுதான் பறந்தன.

வெர்லின் கோல்ஃப் மைதானத்தில் வைத்திருந்த பன்னிரண்டு பெட்டிகளில் சாவே கிடையாது. பெட்டிக்கு ஐந்து முட்டை, ஐந்து குஞ்சு, ஐந்தும் பறக்கும். ஒன்பது வருடமாக அப்படித்தான். அவருடைய குருவிகள் ஐந்துக்கு மேலும் இடாது, கீழும் இடாது, அவ்வளவு ஒழுக்கம். மாநிலக் குழு கொடுத்த பட்டயங்கள் வரவேற்பறைச் சுவர் போதாமல் கராஜுக்குப் போய்விட்டன.

அவர் பெட்டிகள் பக்கம் வேறு யாரும் போகக் கூடாது. குருவிகளுக்கு அவர் காலடிச் சத்தம்தான் பழக்கமாம். உறுப்பினர்கள் அதை மதித்தார்கள். வெயிலில் நடக்கச் சோம்பலாகவும் இருந்தது.

பெட்டியைப் பார்க்கும் முறையென்று சங்கத்துக்கு அவர் தந்த மந்திரம் நான்கே சொல்: தட்டு, திற, எண்ணு, மூடு. எல்லோர் பனியன் முதுகிலும் அது அச்சாகியிருந்தது. ஒவ்வொரு கூட்டத்திலும் எழுந்து நின்று ஒருமுறை சொல்லவும் வேண்டும். இன்றும் சொன்னார்கள், லவோன் உட்பட.

"லவோன் கண்ணு, உன்மேல எனக்குக் கோபமில்ல," என்றார் வெர்லின். "ஆனா பாம்பு உன் நோட்டைப் படிச்சிட்டுத்தான் வருது போல."

சிரிப்பு எழுந்தது. செயலாளர் ஆர்டித் ஐஸ் போட்ட தேநீரை ஒரு வாய் உறிஞ்சினாள். "சிலருக்குக் கைராசி இல்ல. என்ன பண்றது," என்றாள்.

தீர்மானத்தை அவள் ஏற்கனவே தட்டச்சு செய்து வைத்திருந்தாள். கல்லறைத் தோட்டத்துப் பெட்டிகளை லவோனிடமிருந்து எடுத்து வெர்லினிடம் கொடுப்பது.

ஒன்பதாம் பெட்டித் தாய்க்குருவி லவோன் கையிலிருந்தே புழு வாங்கித் தின்னும். அதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. நோட்டில் அதற்குக் கட்டமும் இல்லை.

"அந்தப் பெட்டியையெல்லாம் கழட்டி எறிஞ்சிட்டு, என் மாதிரியிலயே புதுசா செஞ்சு வைக்கிறேன்," என்றார் வெர்லின். "சுத்திலும் பசை தடவி ஆணி அடிச்சிருவேன். மழை ஒரு சொட்டு இறங்காது. இத்தனை வருஷத்துல என் பெட்டியில ஒரு பலகை அசைஞ்சதில்ல."

கை தட்டினார்கள். வாக்கெடுப்புக்கு முன் விதிப்படி, யாருக்காவது கேள்வி உண்டா என்று ஆர்டித் கேட்டாள். கேட்கும்போதே அடுத்த தாளைப் புரட்டிவிட்டாள்.

லவோன் எழுந்தாள். அவள் கூட்டத்தில் தனியாகப் பேசி யாரும் கேட்டதில்லை. பின்வரிசையில் கோழி மெல்லும் சத்தம் நின்றது.

போன மாதம் சிட்டுக்குருவி பெட்டியைப் பிடிக்க வந்து அந்த எட்டுக் குஞ்சுகளையும் கொத்திக் கொன்ற மறுநாள், தப்பு தன் கையில்தான் இருக்கிறது என்று நினைத்து கோல்ஃப் மைதானத்துக்குப் போனதாகச் சொன்னாள். வெர்லினின் பெட்டிகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளத்தான் போனாளாம். கேட்காமல் போனதற்கு மன்னிப்புக் கேட்டாள்.

"என் குருவிங்க மிரண்டிருக்குமே," என்று வெர்லின் சிரித்தார். இந்த முறை அவர் மட்டும்தான் சிரித்தார்.

"இல்ல, மிஸ்டர் வெர்லின். நீங்க சொன்னபடிதான் செஞ்சேன். முதல்ல தட்டினேன்."

"சரி, தட்டின. அப்புறம்?" என்றாள் ஆர்டித், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

லவோன் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைப் பார்த்தாள். அவளுக்குக் காது வரை சிவந்துவிட்டது.

"பன்னெண்டையும் சுத்திச் சுத்திப் பார்த்தேன், மிஸ்டர் வெர்லின். கதவு எந்தப் பக்கம்?"