ஆறு நாளாய் சைபர்

“ஞானபாக்கியத்துக்கு இன்னிக்கும் சைபர்!”

செல்போனைப் பார்த்த ஷெரினுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது.

ராஜபாளையத்தில் இலவச பிசியோதெரபி நிலையம் நடத்துகிறாள் அவள். வந்து போகிறவர்கள் வீட்டில் சோம்பி உட்கார்ந்துவிடக் கூடாதென்று ஆளுக்கொரு வாட்ச் கொடுத்திருக்கிறாள். யார் எத்தனை அடி நடந்தாலும் அவளுடைய செல்போன் ஆப்பில் ஏறிவிடும். நன்றாக நடந்தால் ஸ்டார். தொடர்ந்து ஏழு நாள் சைபர் என்றால் பெயரை வெட்டிவிட்டு, காத்திருக்கும் அடுத்த ஆளுக்கு இடம். எந்தச் சாக்கும் செல்லாது.

முட்டி ஆபரேஷன் ஆன ஞானபாக்கியத்துக்கு இது ஆறாவது நாள்.

“இலவசம்னா இளக்காரம்தான்!”

முணுமுணுத்தபடியே ஸ்கூட்டரை ஸ்ரீவில்லிபுத்தூருக்கு விட்டாள். இன்றே வாட்சைத் திரும்ப வாங்கிவிடுவது என்று முடிவு.

மடவார் வளாகத்தில் திரும்பியதுமே தெருவில் ஞானபாக்கியம். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, பல்லைக் கடித்து, வேர்க்க விறுவிறுக்க நடந்துகொண்டிருந்தாள். கையில் வாட்சும் இருந்தது.

“அக்கா, நில்லுங்க! வாட்ச் கட்டியிருக்கீங்க, நடக்கவும் செய்றீங்க. பொறவு எப்படி சைபர்?”

“நிக்க முடியாது டாக்டரம்மா. இன்னும் முந்நூறு அடி கெடக்கு. நடந்துக்கிட்டே பேசுவோம்.”

ஷெரின் கூடவே நடந்தபடி ஆப்பைப் பார்த்தாள். ஞானபாக்கியம் வைக்கும் ஒவ்வொரு அடிக்கும், ராக்கப்பன் பெயருக்கு நேரே எண் கூடிக்கொண்டே போனது.

“இது பக்கத்து வீட்டு ராக்கப்பனோட வாட்ச்! ரெண்டு பேரும் சேர்ந்து என்னை ஏமாத்துறீங்களா?”

“அவருக்கு ஒண்ணும் தெரியாது. அவரு வீட்டுக்காரிகிட்ட நான்தான் வாட்சை வாங்கிக் கட்டிக்கிட்டேன். தென்னைமரத்துல இருந்து விழுந்த மனுசன், இப்பதான் காலை ஊன்றி நிக்காரு. அதுக்குள்ள காய்ச்சல் வந்து ஆறு நாளாப் படுக்கை. மூணு பிள்ளைக. வைத்தியம் நின்னா பொழப்பு போயிரும்லா?”

“காய்ச்சல்னு சொன்னா நான் பேரை வெட்டுவேனா?”

“போன மாசம் சுயம்புலிங்கம் காய்ச்சல்னு சொன்னாரே! ‘வாட்ச் பொய் சொல்லாது’ன்னு அவரு பேரை வெட்டிட்டீங்களே.”

ஷெரினுக்கு முகம் சுருங்கிவிட்டது. அப்படிச் சொன்னது உண்மைதான்.

“சரி, உங்க வாட்ச் எங்க?”

“வீட்டுல ஆணியில தொங்குது. ரெண்டாயிரம் அடிக்கு மேல என் முட்டி தாங்காது. அந்த ரெண்டாயிரத்தையும் அவருக்குக் குடுத்துட்டேன். நாளைக்கு என் பேரை வெட்டிக்கிடுங்க.”

“என்னக்கா நீங்க! ரெண்டு வாட்சையும் ஒரே கையில கட்டிக்கிட்டு நடந்திருந்தா, ரெண்டு பேருக்குமே ஏறியிருக்குமே!”

ஞானபாக்கியம் அப்போதுதான் நின்றாள்.

“ஒரே நடையை ரெண்டு பேரு கணக்குல ஏத்துனா, அது களவுல்லா டாக்டரம்மா?”