கண்ணாடியின் வெள்ளை

அப்பா செத்த எட்டாம் நாள் சடங்கு, எட்டுச் செலவு, நாளைக்கு. ஆட்கள் வந்து நிறைந்துவிடுவார்கள் என்று அம்மா இராசமலர் விடியவே வீட்டைக் கழுவத் தொடங்கி, கடைசியில் காஸ் கணப்பின் முன்னால் வந்து குந்திவிட்டாள். கஜேந்திரன் கணப்பின் முன்பக்கக் கண்ணாடியைக் கழற்றி அம்மாவிடம் கொடுத்தான். அதன் உட்புறம் படர்ந்திருந்த வெள்ளையை அவள் ஈரத்துணியால் தேய்த்தாள். காய்ந்ததும் வெள்ளை திரும்பவும் தெரிந்தது. திரும்பவும் தேய்த்தாள்.

"விடுங்கோம்மா, துடைச்சது காணும்."

"அங்கயும் இப்பிடிக் கண்ணாடியோ, தம்பி?"

எங்கே என்று அவன் கேட்கவில்லை. பொம்பிளைகள் சுடலைக்கு வருவதில்லை என்று சொல்லிப் பெரியப்பா அம்மாவை வாசலோடு நிறுத்திவிட்டார். கனடாவில் கொள்ளி கிடையாது; காஸில் எரிக்கிற தகன அறைதான். மூத்த மகன் கண்ணாடிக்கு வெளியே நின்று ஒரு பொத்தானை அமுக்க வேண்டும், அவ்வளவுதான்.

"ஓமம்மா."

"துடைச்சு வச்சிருந்தவங்களோ? அப்பா போறது வடிவாத் தெரிஞ்சதோ?"

அவன் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டுதான் அமுக்கியிருந்தான்.

"தெரிஞ்சது," என்றான்.

இராசமலர் அவனைக்கொண்டே கண்ணாடியைத் திரும்பப் பூட்டுவித்தாள். மூக்கு முட்டுகிற அளவுக்கு அதனருகே நகர்ந்து உட்கார்ந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, சுவரிலிருந்த கணப்புச் சுவிட்சைக் கையால் காட்டினாள்.

"இப்ப அமுக்கு, ராசா. நான் பாக்கிறன்."