மாரிஸ் நிற்கும் இடம்

"இந்த மாடல் மெதுவாத்தான் போகும். ஆனா அடிப்பாகம் இரும்பு லா," என்கிறார் மாரிஸ், மலேசியாவின் கிள்ளான் படகுத்துறையில் தன் பழைய பாய்மரப் படகின் மேல்தளத்தில் நின்றபடி. சின்னக் குறையைத் தானாகவே ஒத்துக்கொள்கிறார். பெரிய குறை அவர் செருப்புக்கு அடியில் இருக்கிறது. பாய்மரத்துக்கு முன்னால் தளம் நீர் ஊறி, மிதித்தால் பஞ்சு போல அமுங்கும். படகை வாங்க வந்திருக்கும் கிஷனுக்கு அது தெரியாது. "நீங்க சொன்னா போதும் அங்கிள், வேற ஆள வச்சி செக் பண்ணணுமா என்ன?" அவன் மனைவி தாமரை பாய்மரத்துக்குக் குங்குமம் வைக்கிறாள். மாலை வெயிலில் கற்பூரச் சுடர் வெளிறித் தெரிகிறது. மாரிஸ் சிரிக்கப் பார்க்கிறார். காது மடல் சுடுகிறது. கிஷன் தேங்காயைத் தலைக்கு மேல் ஓங்குகிறான். "அங்கிள், கொஞ்சம் நகந்துக்குங்க. நீங்க நிக்கிற எடத்துலதான் உடைக்கணும்."